பாய்மரப் படகுகளில் பறவைக் கூடுகள்: அகற்றும் முறையும் தடுக்கும் முறையும்

பல நாட்கள் கரையில் ஏற்றி வைக்கப்பட்ட படகொன்றை மீண்டும் நீரில் இறக்கும் நாளன்று, சுருட்டிய பாயை அவிழ்த்தவுடன் வைக்கோலும் சிறகும் கயிற்று நாரும் உதிர்வதும், அவற்றிடையே நான்கைந்து முட்டைகளோ கண் திறவாத குஞ்சுகளோ காணப்படுவதும் படகோட்டிகள் பலர் அறிந்த அனுபவமாகும். அவ்வேளையில் இரண்டு தீங்குகளுள் ஒன்று நேர்கின்றது. கூடு அப்படியே வாரி எறியப்பட்டுக் குஞ்சுகள் மடிகின்றன. அல்லது படகு கரையிலேயே நின்று, அதனை நம்பிய குடும்பத்தின் வருவாய் தடைப்படுகின்றது. இவ்விரு தீங்கினையும் முன்னதாகவே விலக்கிக்கொள்ள இயலும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பதிக்குக் கிழக்கே, சூளூர்பேட்டைக்கும் தடாவுக்கும் அப்பால் பரந்து கிடக்கும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர்க் காயல்களுள் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியதாகும். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனை வங்கக் கடலிலிருந்து பிரித்து நிற்கின்றது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் எஞ்சிய தென்பகுதி தமிழ்நாட்டிலும் அடங்கும். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது சூளூர்பேட்டைப் பகுதி அதனுடன் சேர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாகச் சென்னைக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்த்தோணிகள் மறைந்துவிட்டன. எனினும், ஆழம் குறைந்த இவ்வேரியில் காற்றையே துணையாகக் கொண்டு செல்லும் சிறு மீன்படகுகளை இன்றும் காணலாம். ஆதலின், கோயில் நகரமாகிய திருப்பதியை மையமாகக் கொண்ட மாவட்டத்தின் கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் இப்பொருள் அயலானதன்று.

படகில் கூடு கட்டும் பறவைகள் எவை?

பழவேற்காடு என்றவுடன் பூநாரையும் கூழைக்கடாவும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் அவை படகுகளுக்கு இடையூறு செய்பவை அல்ல. பூநாரைகள் இங்கு இரை தேடி வருபவை. கூழைக்கடாக்கள், 1976-ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நேலபட்டில், நீரில் நிற்கும் மரங்களின் மீது குளிர்காலத்தையொட்டிக் கூடு கட்டுகின்றன. படகை நாடி வருபவை நம் வீட்டுக் கூரையையும் சுவர்ப் பொந்தையும் நாடுகின்ற எளிய பறவைகளேயாம்.

அவற்றுள் முதன்மையானது சிட்டுக்குருவி. சுருட்டிய பாயின் மடிப்பு, பருமல் எனப்படும் பாய்க்கழியின் திறந்த மூங்கில் முனை, எஞ்சின் மூடியின் அடி ஆகியன அதற்கு உகந்த இடங்கள். அடுத்தது மைனா எனப்படும் நாகணவாய். இது சற்றே பெரிய பொந்துகளையும் அணியத்தின் மேல்மூடிக்குக் கீழுள்ள இருண்ட மூலைகளையும் விரும்பும். கவிழ்த்து வைத்த படகின் அடியிலும் பலகை இடுக்குகளிலும் கருஞ்சிட்டும் நீரோரம் வாழும் வெண்புருவ வாலாட்டியும் இடம் தேடக்கூடும். மாடப்புறாவுக்குத் தட்டையான விளிம்பொன்று போதுமானது. நெடுநாள் அசையாமல் நிற்கும் பாய்மரத்தின் உச்சிக் கவட்டில் காகம் சுள்ளிகளைச் சேர்ப்பதும் உண்டு.

மேனாட்டுப் படகு நூல்களில் இப்பொருள் பேசப்படுமிடத்துத் தகைவிலான் குருவியே பெரிதும் குறிப்பிடப்படுகின்றது. அப்பறவை அங்குப் படகுகளிலும் படகுத்துறைகளிலும் சேற்றால் கூடு அமைப்பதாகும். நம் சமவெளியிலோ அது குளிர்கால விருந்தினர் மட்டுமே. இங்குக் கூடு கட்டுவதில்லை. ஆதலின் அந்நூல்களில் காணும் மாதக் கணக்கையும் தடுப்பு முறைகளையும் அப்படியே இங்குக் கைக்கொள்ளுதல் பயன் தராது. நம் படகுகளுக்கு நம் பறவைகளின் கணக்கே வேண்டும்.

கூட்டினால் படகுக்கு விளையும் கேடு

கூடு வெறும் குப்பையன்று. அது நீரை உறிஞ்சித் தேக்கி வைக்கும் ஒரு பஞ்சு போன்றது. மரப்படகு உப்புநீரில் மிதப்பதால் அழுகுவதைவிட, உள்ளே தேங்கும் மழைநீரால் அழுகுவதே மிகுதி. மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் உப்பை விரும்புவதில்லை. நன்னீரின் ஈரத்தில் அவை செழித்து வளர்கின்றன. பலகையின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும்வரை அப்பூஞ்சைகள் வளர இயலாது. வடிதுளையைக் கூட்டின் வைக்கோல் அடைத்துக்கொள்ளுமாயின், மழைநீர் வங்குகளின் இடையே தங்கி, அவ்வளவைத் தாண்டிய ஈரத்தைப் பல வாரங்கள் நிலைக்கச் செய்கின்றது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைக்குமுன் பழைய கூடுகள் யாவும் அகற்றப்படவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். கண்ணாடியிழைப் படகு அழுகாதெனினும், அதன் வடிதுளையும் இவ்வாறே அடைபடும்.

இரண்டாவது கேடு எச்சத்தால் வருவது. பறவை எச்சத்தின் வெண்ணிறப் பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலமாகும். அது நீரில் எளிதில் கரைவதில்லை. அதனாற்றான் காய்ந்த எச்சத்தைக் கழுவுதல் கடினமாகின்றது. பாய்த்துணியில் அது கறையாகப் படிகின்றது. ஆணி, கொண்டி, கப்பி ஆகிய உலோகப் பொருள்களை நாளடைவில் அரிக்கின்றது. உலர்ந்த எச்சத்தைச் சுரண்டும்போது பாயின் இழைகள் அறுபடுவதும் உண்டு.

மூன்றாவதாக, எஞ்சினும் பொருத்தப்பட்ட பாய்ப்படகுகளில் தீயபாயம் உள்ளது. மூடியினடியில் அடைந்த வைக்கோல், காற்று செல்லும் வழியை மறித்து எஞ்சினை மிகையாகச் சூடேறச் செய்யும். சூடான பாகத்தின்மேல் கிடப்பின் தானே பற்றியும் எரியும். ஆகவே நெடுநாள் நின்ற எஞ்சினை, மூடியைத் திறந்து பாராமல் முடுக்குதல் கூடாது.

இவையன்றி, கூட்டில் பெருகும் உண்ணிகள் குஞ்சுகள் பறந்தபின் மனிதர்மேல் ஏறிக் கடிப்பதும், முட்டையை நாடிப் பாம்பும் எலியும் படகுக்குள் புகுவதும் உண்டு.

விரட்டுதல் ஏன் பயன் தருவதில்லை?

கூட்டைக் கலைப்பதும் பறவையை விரட்டுவதுமே பலரும் முதலிற் செய்வன. அவை பயனற்றுப் போவதன் காரணத்தை உணர்த்தும் சம்பவம் ஒன்று நம் நாட்டுப் பறவையியல் வரலாற்றில் உள்ளது. டாக்டர் சாலிம் அலி 1906-07-ஆம் ஆண்டளவில், பத்து வயதுச் சிறுவராக இருந்தபோது, சுவர்ப் பொந்தொன்றில் கூடு கொண்ட சிட்டுக்குருவிகளைக் கவனித்தார். வாயிலில் காவலிருந்த ஆண்குருவியைச் சிறு துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். சிறிது நேரத்தில் மற்றோர் ஆண்குருவி அவ்விடத்தில் வந்தமர்ந்தது. இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தும் அவ்விடம் வெறுமையாகவில்லை. பிற்காலத்தில் பறவைகளின் பாதுகாப்புக்கே வாழ்நாளை அளித்த அவ்வறிஞர், 1985-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் இதனைக் குறிப்பிட்டிருக்கின்றார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க உண்மை ஒன்றே. பறவையை வரவழைப்பது பொந்து; பொந்து திறந்திருக்குமளவும் ஒன்று போயின் மற்றொன்று வரும். எனவே பறவையோடு போராடுவதை விடுத்துப் பொந்தை அடைத்தலே முறையாகும். பளபளக்கும் தாள், பொம்மை ஆந்தை, தகர ஓசை ஆகியவற்றுக்குப் பறவைகள் சில நாட்களிலேயே பழகிவிடுகின்றன.

தடுக்கும் முறைகள்

படகைக் கரையேற்றும் நாளிலேயே பின்வருவன செய்யப்படவேண்டும்.

1. பாயை நன்கு உலர்த்தி, மடித்து, முடிந்தவரை வீட்டுக்குள் எடுத்துச் செல்லவேண்டும். பருமலிலேயே சுற்றி வைப்பதாயின் இறுகச் சுற்றி, உறை போட்டு, உறையின் இரு வாய்களையும் கட்டவேண்டும். வாய் திறந்த உறை, கூட்டுக்கு உறை போட்டதாகவே முடியும்.

2. மூங்கில் கழிகளின் திறந்த முனைகளை மரக்கட்டையால் அடைக்கவேண்டும். உலோகக் குழாயாலான பாய்மரத்துக்கும் அவ்வாறே. 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட எத்துளையும் சந்தேகத்துக்குரியதே. சிட்டுக்குருவிக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வாயில் போதும்.

3. வடிதுளையை அடைக்கலாகாது. அதன்மேல் துருப்பிடிக்காத கம்பிவலைத் துண்டொன்றைப் பொருத்தினால் நீர் வடியும், குருவி புகாது.

4. தட்டையான விளிம்புகளின்மேல் பலகையொன்றை 45 பாகைக்குக் குறையாத சரிவில் சாய்த்து வைத்தால் புறா அமர இயலாது.

5. படகு முழுவதையும் வலையால் மூடுவதாயின் வலைக்கண் 2 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. பழைய ஒற்றையிழை மீன்வலையை இதற்கு உபயோகித்தல் பெருந்தவறு. தளர்ந்து தொங்கும் மெல்லிய வலையில் பறவைகளும் பாம்புகளும் சிக்கி மடிகின்றன. தடித்த முறுக்குநூல் வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்டுதலே தக்கது.

6. நைந்த கயிற்று நுனிகளையும் வைக்கோலையும் படகில் விட்டுவைக்கலாகாது. கூட்டுக்கு வேண்டிய பொருளை நாமே அருகில் வைத்தல் அறிவுடைமையன்று.

7. கரையேற்றிய முதல் இரண்டு வாரங்களில் நாள்தோறும் ஒருமுறை படகைச் சுற்றிப் பார்த்தல் அவசியம். முட்டையிடப்படாத நிலையில், சேர்க்கப்பட்ட சில சுள்ளிகளை அன்றன்றே எடுத்துவிட்டு, அவ்விடத்தை உடனே அடைத்துவிடலாம்.

ஒட்டுப் பசை தடவுதல் கூடாது. அது பறவையைத் துன்புறுத்திக் கொல்லும். பூச்சியுருண்டைகளை மூடிய படகறைக்குள் போடுவதால் பறவை விலகுவதில்லை. அதன் ஆவி மனிதருக்கே தீங்கு தரும்.

முட்டை கண்டபின் நாட்களை எண்ணுக

முட்டை இடப்பட்டபின் நிலைமை வேறாகின்றது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள், பறவை முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் உள்ளடக்கியதாகும். இச்சட்டத்தின் அட்டவணைகள் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பட்டுள்ளன. ஆகையால் ‘ஊர்க்குருவிதானே’ என்று பழைய எண்ணத்தின்படி நடந்துகொள்வது தகாது. அன்றியும் ஏரியின் பெரும்பகுதி சரணாலய எல்லைக்குள் அடங்கியது. ஐயம் நேரின் வனத்துறை அலுவலரைக் கேட்டறிதலே கடமையாகும்.

எனினும் இக்காத்திருப்பு முடிவற்றதன்று, அதற்குக் கணக்குண்டு. சிட்டுக்குருவி நாளொன்றுக்கு ஒரு முட்டையாக நான்கு அல்லது ஐந்து இடும். அடைகாப்பு 11 முதல் 14 நாள். குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க மேலும் இரண்டு வாரத்தினும் சற்று மிகுதி. ஆக முதல் முட்டையிலிருந்து சுமார் 31 நாட்கள். மைனாவுக்கு அடைகாப்பு 17 நாளையொட்டியும், குஞ்சு வளர்ப்பு 23 நாளையொட்டியும் ஆகின்றன. ஆக மொத்தம் ஏறத்தாழ 44 நாட்கள்.

இக்கணக்கை மீன்பிடித் தடைக்காலத்தோடு பொருத்திப் பார்ப்போம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இத்தடை நிலவுகின்றது. ஆந்திரக் கரையில் விசைப்படகுகளும் எஞ்சின் பொருத்திய படகுகளும் இதற்கு உட்பட்டவை. அவ்விரு மாதங்களே மைனா கூடு கட்டும் பருவம். சிட்டுக்குருவியோ ஆண்டின் பெரும்பகுதியிலும் கூடு கட்டுவது. மைனா மே மாதம் 1-ஆம் நாளுக்குள் முதல் முட்டையை இட்டிருந்தால் ஜூன் 14-க்குள் குஞ்சுகள் பறந்துவிடும். சிட்டுக்குருவிக்கு மே 14 வரை இடமுண்டு. அதற்குப்பின் இடப்படும் முட்டைகளே படகோட்டிக்கு நட்டத்தை விளைவிப்பவை. எனவே மே மாதத் தொடக்கத்தில் படகை மீண்டும் ஒருமுறை நுணுகிப் பார்த்து, முட்டையற்ற இடங்களையெல்லாம் அடைத்துவிடுதல் மிகவும் இன்றியமையாதது. ஒருமுறை குஞ்சு பொரித்த சிட்டுக்குருவி அதே கூட்டில் மறுமுறையும் முட்டையிடக்கூடும். ஆதலின் குஞ்சுகள் பறந்த அன்றே கூட்டை எடுத்து இடத்தை மூடவேண்டும். தடைக்கு உட்படாத பாய்ப்படகுகளுக்கும், அவை எத்தனை நாள் கரையில் நிற்கும் என்பதைக் கொண்டு இக்கணக்கைப் பொருத்திக்கொள்ளலாம்.

முட்டையுள்ள கூட்டை வேறிடத்துக்கு மாற்றி வைத்தால் பறவை அதனைத் தொடர்ந்து வரும் என்று எண்ணலாகாது. தாய்ப்பறவை பழைய இடத்தையே தேடி வரும். கூடு அங்கு இல்லையெனில் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அவ்வாறே, கூடுள்ள படகை நீரில் இறக்கித் தொலைவுக்குச் செலுத்தினும் குஞ்சுகள் இரையின்றி வாடும். இயன்றால் அச்சில வாரங்களுக்கு உறவினர் படகில் தொழில் செய்து, தம் படகை நிறுத்தி வைத்தல் நன்று.

படகை இழுத்துச் செல்லும் கரை நிலத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். ஆள்காட்டி போன்ற பறவைகள் கூடென்று ஒன்று கட்டாமல், தரையில் சிறு பள்ளத்திலேயே மண்ணிறப் புள்ளி முட்டைகளை இடுகின்றன. பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துமாயின், முட்டை அருகில் உள்ளது என்பதே அதன் பொருள்.

வெறுங்கூட்டை அகற்றும் முறை

முதலில் கூடு வெறுமையானதே என்பதை உறுதி செய்யவேண்டும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் சற்றுத் தொலைவில் அரைமணி நேரம் இருந்து, பறவை வந்துபோகின்றதா எனக் கவனித்தல் வேண்டும். பின்னர் கோலின் நுனியில் சிறு கண்ணாடியைக் கட்டி உள்ளே பார்க்கலாம்.

உலர்ந்த கூட்டைக் கையால் பிய்த்தலும் துடைப்பத்தால் பெருக்குதலும் அபாயமாகும். எச்சத் தூசியிலுள்ள நுண்ணுயிர்கள் மூச்சுடன் உட்சென்று நுரையீரல் நோய்களை உண்டாக்கவல்லன. ஆகவே மூக்கையும் வாயையும் நல்ல முகமூடியால் மூடி, கையுறை அணிந்து, முதலில் சோப்புநீரைத் தெளித்துக் கூட்டை முற்றிலும் நனைக்கவேண்டும். நனைந்தபின் மொத்தமாக எடுத்துப் பையிலிட்டுக் கட்டிக் கரையில் ஆழக் குழிதோண்டிப் புதைக்கலாம். ஏரியில் எறிதல் கூடாது. எரிபொருள் வைத்துள்ள படகருகில் கொளுத்துதலும் கூடாது.

எச்சக் கறையின்மேல் ஈரத்துணியைப் போட்டு ஊறவைத்து, பின் மென்மையான தூரிகையால் தேய்க்கவேண்டும். பலகைக்கும் கண்ணாடியிழைக்கும், ஒரு பங்கு வெளுப்புநீருக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துத் துடைக்கலாம். பாய்த்துணிக்குச் சோப்பும் நீருமே போதும். இறுதியாகப் படகை நன்கு வெயிலில் உலர்த்தி, கூடிருந்த இடத்துப் பலகையைக் கத்தி முனையால் மெல்ல அழுத்திப் பார்க்கவேண்டும். முனை எளிதில் இறங்கினால் அழுகல் தொடங்கிவிட்டது எனக் கொண்டு தச்சரை அழைத்தல் நன்று.

பறவைகள் இறந்து கிடப்பின் கையால் தொடலாகாது. 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அண்டை மாவட்டமாகிய நெல்லூரில் கோழிகளிடையே பறவைக் காய்ச்சல் கண்டது நினைவிலிருக்கத் தக்கது. இத்தகைய நிலையில் கால்நடைத் துறைக்கு உடனே அறிவிக்கவேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

2010 முதல் மார்ச் 20-ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. அந்நாளுக்கும் தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே 26 நாட்கள் உள்ளன. ஏரிக்கரைக் கிராமப் பள்ளிகளில் இவ்விடைக்காலத்தை நன்கு பயன்படுத்தலாம். 32 மில்லிமீட்டர் வாயில் கொண்ட மரப்பெட்டிகளை மாணவர் செய்து, ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில், மேற்கு வெயில் தாக்காத சுவர்களில் பொருத்துவாராயின், படகில் மறுக்கப்பட்ட இடம் குருவிக்குக் கரையில் கிடைக்கும். ஏரி இல்லாத சித்தூர், திருப்பதிப் பள்ளிகளிலும் வகுப்பறைச் சன்னலிலோ மிதிவண்டிக் கொட்டகையிலோ கட்டப்படும் கூட்டைக் கொண்டு இதே நாட்கணக்கை மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம்: முதல் வைக்கோல் வந்த நாள், முதல் முட்டை, முதல் குஞ்சின் ஒலி, கூடு வெறுமையான நாள். இந்நான்கு தேதிகளை எழுதிய மாணவன், பின்னாளில் தன் தந்தையின் படகுப் பாயை அவிழ்க்குமுன் அதனைச் சற்றே விலக்கிப் பார்க்கக் கற்றிருப்பான்.

சுருங்கக் கூறின், முட்டைக்குமுன் இடத்தை அடைக்கவேண்டும்; முட்டைக்குப்பின் நாட்களை எண்ணவேண்டும். கள ஊழியர்கள் ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் மே மாதத் தொடக்கத்திலும் படகுத்துறைக்குச் செல்லுங்கால் இவ்விரண்டையும் படகோட்டிகளுக்கு நேரில் எடுத்துரைப்பார்களாயின், படகும் உரிய நாளில் நீரில் இறங்கும். குஞ்சும் உரிய நாளில் பறக்கும்.